செவ்வாய்க்கிழமை மஞ்சள்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால், ஒன்று நாத்தனாருக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லை அண்ணியிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்க வேண்டும் என்பார்கள். எனக்குக் காய்ச்சலும் இல்லை, காரியமும் இல்லை. கோபம்தான் இருக்கிறது. நாங்கள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் என் அண்ணியைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. பாவம், மாற்றிப் போட்டுக்கொள்ளத் துணி இல்லாதவள் என்பது ஒன்று. எச்சில் கையால் காக்கா ஓட்டாத கஞ்சம் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். அவள் பீரோவில் கதவைச் சாத்த முடியாத அளவுக்குத் துணி இருந்தது. வம்பே அங்கிருந்துதான் தொடங்கியது.

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணி என் ஒரே அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எதிரே இருக்கும் கவுன்டர் அவளுடையது. சீட்டு எழுதுவது, ஃபைல் எடுத்துக் கொடுப்பது, நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசி உட்கார வைப்பது எல்லாம் அவள் வேலை. நான் நர்ஸ். பக்கத்து அறையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே பஸ். அண்ணியை விட்டுவிட்டுத் தனியாகப் போனால் அம்மா சாயங்காலம் என்னை வறுத்தெடுத்துவிடுவாள். அதனால் அவள் கிளம்பினால்தான் நான் கிளம்ப முடியும். அவள் கிளம்புவதுதான் நடக்காது.

காலையில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டதும் நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு டாப்ஸை எடுப்பாள், மேலே வைத்துப் பார்ப்பாள், கட்டிலில் எறிவாள். இன்னொன்றைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள்.

"இது எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணி. வாங்க போலாம்."

"நீ பாக்காமயே சொல்ற."

"சரி, நல்லா இல்ல."

"அப்ப நேத்து போட்டது? அதுவும் நல்லா இல்லாமத்தான் இருந்துச்சா?"

கட்டில் மேல் குன்று மாதிரித் துணி கிடக்கும், அதன் நடுவே நின்றுகொண்டு "போட்டுக்க ஒண்ணுமே இல்ல" என்பாள். கடைசியில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, ஷாலில் குத்த ஊசியைத் தேடி, அது கிடைக்காமல் என் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவருவாள். பஸ் போயிருக்கும்.

அவள் அலங்காரப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் பயம். "இதை முந்தாநேத்துதான போட்டுட்டு வந்தீங்க?" என்று கண்ணாடி விற்கும் பிரிவில் ஒருத்தி கேட்பாள். "இந்தக் கலர் உனக்கு எடுக்கல" என்று என் அம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். "குண்டா தெரியுது" என்று நானே சொல்லியிருக்கிறேன். இத்தனை பேரையும் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் எந்தத் துணிதான் நன்றாக இருக்கும்?

ஒரு நாள் வழக்கம்போல் பஸ்ஸை விட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தோம். கவுன்டருக்கு முன்னால் வரிசை வாசல் வரை நின்றது. முதல் ஆளாக ஒரு அம்மா. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். விடியும் முன்பே வந்து, அட்மிஷன் சீட்டு எழுத ஆள் இல்லாமல், பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணியைப் பார்த்ததும் திட்டவில்லை. "வந்துட்டியாம்மா, நீ வரமாட்டியோன்னு பயந்துட்டேன்" என்று அழுதார். அண்ணி சீட்டை எழுதி, அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு டாப்ஸுக்கு நடுவுல நின்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்டி. அந்தம்மா அங்க சாகப் பயந்து உக்காந்திருந்தாங்க. வெக்கமா இருக்கு எனக்கு."

அடுத்த விடுமுறை நாளில் பீரோவைக் காலி செய்தாள். எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினாள். அண்ணன் படுக்க இடமில்லாமல் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, "புயல் கரையைக் கடந்ததும் சொல்லுங்க" என்றான். நான் உதவிக்குப் போனேன். உதவி என்றால், குறை சொல்லுவதற்கு.

அவள் வைத்த பரீட்சை எனக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையை மேலே தூக்கினாள். கவுன்டரில் மேல் தட்டிலிருந்து ஃபைல் எடுக்க வேண்டுமே. குனிந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். கை தூக்கும்போது இடுப்பு தெரிந்தால் அது வெளியே. கழுத்தில் அரித்தால் வெளியே. "மெலிஞ்சப்புறம் போட்டுக்கலாம்" என்று கல்யாணம் ஆனதிலிருந்து காத்திருந்தவை கும்பலாக வெளியே. "நான் மெலியறப்ப மெலியறேன். அதுவரைக்கும் இதுங்க என்னை முறைச்சுக்கிட்டே இருக்க வேணாம்" என்றாள். அம்மா எடுத்துக் கொடுத்த பளபளப்பு டாப்ஸைப் பிறர் திருப்திக்காகவே இத்தனை நாள் போட்டாளாம். அது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போனது. அம்மா முகம் சுருங்கிவிட்டது. அண்ணி மசியவில்லை.

கடைசியில் எஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் பாதி, நல்ல நாளுக்கென்று மடித்து வைத்திருந்தவை. மஞ்சள் ஒன்று, கழுத்தில் தையல் வேலை செய்தது, பாச்சா உருண்டை வாசனையோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அதைப் போய் வேலைக்குப் போடுவாங்களா? நல்ல நாளுக்கு வேணாமா?"

"நான் வேலைக்குப் போற நாளை விட எனக்கு என்னடி நல்ல நாள்?"

பேன்ட் எல்லாம் கறுப்பு அல்லது கருநீலம். எந்த டாப்ஸோடும் சேரும். டாப்ஸ், பேன்ட், ஷால் மூன்றையும் ஒரே ஹேங்கரில் மாட்டினாள். ஊசியையும் ஷாலிலேயே குத்தி வைத்தாள். ஹேங்கருக்கு ஒரு கிழமை. திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள், புதன் அரக்கு, வியாழன் பச்சை, வெள்ளி வெள்ளை, சனி ஊதா. காலையில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் போதும். துவைத்து, காய்ந்து, இஸ்திரி ஆகி மறு வாரம் அதே இடத்தில் வந்து தொங்கும். ஒரு காசு செலவில்லை, புதிதாக ஒரு நூல் கூட வாங்கவில்லை.

பஸ் கிடைத்தது. தினமும் கிடைத்தது. எனக்கு நாலு வாய் நிதானமாகச் சாப்பிட நேரம் கிடைத்தது. நான் இந்த ஏற்பாட்டை எவ்வளவு கிண்டல் செய்தேனோ அவ்வளவுக்குப் பிடித்துப்போனது. அதை அவளிடம் சொல்லவில்லை, நாத்தனார் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'காலண்டர்' என்று பெயர் விழுந்தது. "காலண்டர் பச்சையா வருது, இன்னிக்கு வியாழன்" என்பார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே போவாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான்தான் முறைத்தேன். ஆனால் அந்தக் கிழமைக் கணக்கை நானும் என் வேலைக்குப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டேன். சொட்டு மருந்து விட்டால் கண்மணி விரிந்துவிடும், கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கித் தெரியும். ஏற்கெனவே கண்ணில் புரை உள்ளவர்களுக்கு முகமும் தெரியாது, அறிவிப்புப் பலகையும் தெரியாது. நிறம் மட்டும் தெரியும். அதனால் மருந்து விட்டதும், "நேரா போனா மஞ்சளா ஒரு அக்கா இருப்பாங்க, சீட்டை அவங்ககிட்ட குடுங்க" என்று அனுப்பிவிடுவேன். அவரவர் மறுபரிசோதனைக்கு அதே கிழமையில்தான் வருவார்கள் என்பதால் சில வாரங்களில் அவர்களுக்கே பழகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வரும் லாரிக்காரர் ஒருவர் உண்டு. வயதுக்கு ஏற்ற குரல் இல்லை, ஹாரன் மாதிரி இருக்கும். நான் சொல்லும் முன்பே, "மஞ்சள் தங்கச்சிகிட்ட தான? தெரியும் தெரியும்" என்று சுவரைத் தடவிக்கொண்டு போய்விடுவார்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தார், நாற்காலிகளை மாற்றினார், வாரா வாரம் கவுன்டரைப் படம் எடுத்து ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் போட்டார். எந்நேரமும் கறுப்புக் கோட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணியின் எதிரே வந்து நின்றார். நான் மருந்து எடுக்க வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

"உங்களைப் படம் எடுத்தா போன வாரப் படத்தையே திரும்பப் போட்ட மாதிரி இருக்கும்மா. அரைச்ச மாவையே அரைக்கிறீங்க. கொஞ்சம் புதுசா, மாத்தி மாத்திப் போட்டுட்டு வாங்க."

"இது சுத்தமா இல்லையா சார்?"

"சுத்தமாத்தான் இருக்கு."

"கசங்கியிருக்கா? கிழிஞ்சிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. ஆனா ஒரே மாதிரி இருக்கு."

"நானும் ஒரே மாதிரிதான சார் இருக்கேன்."

அவர் முகம் கறுத்தது. "ஆள் பாதி ஆடை பாதிம்மா" என்றார்.

"அந்த ஆள் பாதியையும் கொஞ்சம் பாருங்க சார். நீங்க வந்ததுலேர்ந்து இந்தக் கோட்டுலதான இருக்கீங்க? நான் ஏதாச்சும் கேட்டேனா?"

"கோட்டு வேற!"

"எனக்கு இதுவும் வேறதான்."

நான் மருந்து பாட்டிலைக் கீழே போடாமல் இருந்தது அதிசயம். மேனேஜர் அமைதியாகச் சொன்னார்: மாற்றிக்கொண்டால் கவுன்டர், இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து பின்னால் ஃபைல் ரூம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மனிதர் முகமே தெரியாது. அண்ணிக்குக் கவுன்டர் என்றால் உயிர். பயந்து வருகிறவர்கள் தெம்பாக உள்ளே போவதைப் பார்ப்பதற்காகவே அவள் காலையில் எழுந்திருக்கிறாள் என்று சொல்லலாம்.

வீட்டில் அண்ணன், "ரெண்டு புதுசு வாங்கிப் போட்டுட்டுப் போயேன், எதுக்கு வீண் வம்பு?" என்றான். அம்மாவும் அதையே சொன்னாள். நானும்தான் தலையாட்டினேன்.

அண்ணி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். குரல் உயர்ந்தது.

"ரெண்டோட நிக்குமா? அடுத்த வாரம் அந்த ரெண்டும் பழசு. அப்புறம் மறுபடியும் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, யாரு என்ன சொல்லுவாங்கன்னு என்னையே நான் கேவலமாப் பாக்கணும். அதுலேர்ந்து நான் எப்படி வெளிய வந்தேன்னு உங்க யாருக்காச்சும் தெரியுமா? போக மாட்டேன். கவுன்டர் போனாலும் பரவாயில்ல."

சொன்னபடி போய்விட்டாள், ஃபைல் ரூமுக்கு. திங்களன்று நீலம் உடுத்தி, ஷால் மடிப்பு கலையாமல், எலி மட்டும் பார்க்கக்கூடிய அந்த அறையில் போய் உட்கார்ந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. கவுன்டரில் புதுப் பெண் ஒருத்தி. நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்லக் கூடாது. மேனேஜர் சொன்னபடி தினம் ஒரு புதுசு, எல்லாம் சுவரின் நிறத்துக்குப் பொருத்தமாக வெளிர் சாம்பல், வெளிர் நீலம். படத்தில் அழகாக இருந்தாள். மருந்து விட்ட கண்ணுக்கு அவளும் சுவரும் ஒன்றுதான்.

மறுநாள் செவ்வாய். கூட்டம் நெரிந்தது. நான் வரிசையாக மருந்து விட்டு, பழக்க தோஷத்தில், "மஞ்சளா ஒரு அக்கா இருப்பாங்க, சீட்டைக் குடுங்க" என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். என் வாய் அது, என் மூளையைக் கேட்டு நடப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டரம்மா அறையை விட்டு வெளியே வந்தார். "என்ன, இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு லீவா? உள்ள ஒரு ஆளு வரல!"

வெளியே போய்ப் பார்த்தோம். கூடத்தின் மூலையில், மாமியாரைக் கூட்டிவந்த ஒரு பெண், பளிச்சென்று மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடி நிறையச் சீட்டு. அவளைச் சுற்றி நான் மருந்து விட்ட அத்தனை பேரும் பவ்வியமாக உட்கார்ந்து, பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருந்தார்கள். ஒருவர் அவளிடம் தன் சர்க்கரை அளவை விளக்கிக்கொண்டிருந்தார். அவளும் பெரிய மனசுக்காரி, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாரும் வந்து வந்து குடுத்தாங்க. பிடிச்சுக்கச் சொல்றாங்களாக்கும்னு வாங்கி வெச்சேன்" என்றாள்.

லாரிக்காரர் ஹாரன் குரலில், "தங்கச்சி, நான் வந்து நேரமாச்சு, எனக்கு முன்னாடி ஆளை விட்டுடாத" என்று அவளை அதட்டினார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். சத்தம் கேட்டு வந்த மேனேஜர் என் மேல் பாய்ந்தார். "யாரு உங்களைக் கலர் சொல்லி அனுப்பச் சொன்னது?"

"கண்ணுல மருந்து விட்டவங்களுக்கு வேற என்ன சார் சொல்லி அனுப்புறது? சிரிச்ச முகமா இருப்பாங்கன்னா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அவங்களை ஃபைல் ரூம்லேர்ந்து கூட்டிட்டு வாங்க" என்றார். அண்ணி தலையில் ஒட்டடையோடு வந்து கவுன்டரில் உட்கார்ந்தாள். அரை நாளில் கூட்டம் கரைந்தது, கவுன்டரும் அவளுக்கே திரும்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் மேனேஜர் ஓர் உத்தரவை அச்சடித்துக் கவுன்டரில் ஒட்டினார். நோயாளிகளுக்கு வழிகாட்டும் வண்ணத் திட்டமாம். திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள் என்று வரிசையாகப் போட்டு, கவுன்டரில் இருப்பவர் அந்தந்தக் கிழமைக்குரிய நிறத்தைத் தவறாமல் உடுத்த வேண்டும், தவறினால் கவுன்டர் கிடையாது என்று எழுதியிருந்தது. இணையப் பக்கத்திலும் தன் யோசனை என்று போட்டுக்கொண்டார்.

"என் டாப்ஸை என்கிட்டயே விக்கிறாரு பாரு" என்றாள் அண்ணி.

"போனாப் போகுது அண்ணி. நீங்கதான ஜெயிச்சீங்க? எப்படியும் செவ்வாய்க்கிழமை மஞ்சள்தான போடப் போறீங்க?"

"நானா எடுத்துப் போடுறது வேற. போடுன்னு சொல்லிப் போடுறது வேற. அதே ஹேங்கர்தான். ஆனா நாளைக்கு அதை எடுக்குறப்போ என் கை மேல அவரு கை இருக்கும்."

"அப்ப பேஷன்ட்டுங்க? மறுபடியும் எவ மடியிலயாவது சீட்டைக் கொண்டு போய்க் கொட்டுவாங்க."

"அவங்களை விட்டுட்டு நான் யோசிப்பேனா?" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை வியாழக்கிழமைப் பச்சையை எடுத்து மாட்டிக்கொண்டாள். யோசிக்கக் கூட இல்லை. எந்த ஹேங்கரை எடுத்தாலும் அவளுக்குப் பொருந்தும். மஞ்சள் ஷாலை மட்டும் உருவிப் பையில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதைக் கவுன்டரின் முன்பக்கம் முழுவதும் விரித்துக் கட்டி, மூலைகளில் ஊசி குத்தினாள். வாசலில் நின்று பார்த்தேன். சாம்பல் சுவருக்கு நடுவே அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

மேனேஜர் வந்தார். "இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய் சார். அதான் மஞ்சள் கட்டியிருக்கேன்."

"நான் உங்களைப் போடச் சொன்னேன், மேஜைக்கு இல்ல!"

அண்ணி எழுந்து நின்றாள். "மேஜை ஆஸ்பத்திரியோடது சார். அதுக்கு நீங்க எந்தக் கலர் சொன்னாலும் நானே கட்டுறேன். நான் ஆஸ்பத்திரி சாமான் இல்ல."

டாக்டரம்மா தன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் அவரையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். "நாளையிலேர்ந்து ஃபைல் ரூம்" என்றார், ஆனால் பாதிக் குரலில். அந்த நாளை இதுவரை வரவில்லை. காரணம் டாக்டரம்மாவா, இல்லை அவருக்கே உறைத்ததா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

"போறேன் சார். போன தடவை போகலையா? அங்கயும் எனக்குப் பிடிச்சதைத்தான் போட்டுக்கிட்டு உக்காந்தேன்" என்றாள் அண்ணி.

அதற்குள் நான் மருந்து விட்டு அனுப்பிய லாரிக்காரர் மஞ்சளைப் பார்த்து நேராக வந்துவிட்டார். ஷாலைத் தொட்டார். மேஜை மேல் சீட்டை வைத்தார். எதிரே நின்ற பச்சையைப் பார்த்துக் குழம்பி, கண்ணை இடுக்கினார்.

"தங்கச்சி, நீதானாம்மா? செவ்வாய்க்கிழமையில பச்சையா தெரியுதே?"

"நான்தாண்ணே" என்றாள் அண்ணி, பக்கத்தில் நின்ற கறுப்புக் கோட்டுக்கும் கேட்கும்படி. "எனக்குத் தோணுச்சு, போட்டேன்."